ஒன்னும் இல்ல கோச்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கிள்ளான், தாமான் செந்தோசா பக்கம் நாங்கள் பயிற்சி செய்யும் திடல். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கோல் கம்பத்துக்கு முன்னால் வழக்கம்போலச் சேறு. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பந்தை முன்னால் தட்டிவிட்டு இடது பக்கம் திரும்பினான். யாரும் அவனை இடிக்கவில்லை. பக்கத்தில் ஆளே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

விசில் ஊதக்கூடத் தோன்றாமல் ஓடினேன். வழுக்கி விழுந்தவன் கத்துவான், நடுவரைத் தேடுவான், யாரையாவது திட்டுவான். இவன் எதுவும் செய்யவில்லை. தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ அதைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல.

"சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம் கோச்?"

"முட்டிக்குள்ள. டப்புன்னு."

கொஞ்சம் யோசித்தான். "ஒன்னும் இல்ல கோச்" என்றான். எழுந்து நின்று காட்டினான். நாலு அடி நடந்தும் காட்டினான்.

அந்த நாலு அடியை நானும் நடந்திருக்கிறேன்.

நான் கோச் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஆள் இல்லை. வாரநாளில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பேனர். கிள்ளானில் கொமியூட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் கடை. சனி, ஞாயிறில் பிள்ளைகளுக்குக் காற்பந்து. சம்பளம் கிடையாது. பெற்றோர் மாதம் முப்பது வெள்ளி தருகிறார்கள், அது பந்துக்கும் தண்ணீருக்கும் போய்விடும். ஒருகாலத்தில் நான் இதையே தொழிலாகச் செய்யப்போகிறவன் என்று எங்கள் வரிசை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இன்றும் யாராவது ஒரு அத்தை கல்யாண வீட்டில் கேட்பார், "பந்து விளையாட்டெல்லாம் விட்டுட்டியாய்யா?" என்று. நான் விட்டேனா என்பதே எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

அப்பா 1962இல் பிறந்தவர். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றும் லோரி ஓட்டினார். எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்கு அடுத்த மரியாதை ஆர். ஆறுமுகத்துக்குத்தான். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட தமிழர். அப்பா மெர்டேக்கா ஸ்டேடியத்தில் அவர் ஆடிப் பார்த்திருக்கிறார். லோரியில் என்னை உட்காரவைத்துக்கொண்டு போகும்போது ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார், "இவ்ளோ நீளம்டா!" என்று. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் என்னை லோரியில் ஏற்றியே இருக்க மாட்டார்.

அப்பா சொல்லும் கதைகளில் 1980 திரும்பத் திரும்ப வரும். மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்று. மெர்டேக்கா ஸ்டேடியத்தில் தென் கொரியாவை 2-1 என்று நம் அணி ஜெயித்தது. சந்தோக் சிங் ஒன்று, ஜேம்ஸ் வோங் ஒன்று. ஒலிம்பிக்குக்குத் தகுதி. ஆனால் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா தொடங்கிய புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்துகொண்டது. அணி போகவில்லை. "ஜெயிச்சும் போகலடா" என்பார் அப்பா. அதோடு நிறுத்திக்கொண்டு ரேடியோவைத் திருப்புவார். ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். முப்பத்தைந்து வயது. அந்தக் கதையை அப்பா லோரியில் சொன்னதில்லை.

எனக்கு என் ஆள் 2002இல் கிடைத்தான். உலகக் கிண்ணம் ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்ததால் விடிய விடியக் கண்விழிக்க வேண்டியதில்லை. இறுதி ஆட்டம் நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். பிரேசிலின் ரொனால்டோ ஜெர்மனிக்கு இரண்டு கோல் போட்டான். அந்தப் போட்டி முழுக்க எட்டு. முன்நெற்றியில் மட்டும் முக்கோணமாக முடி விட்டிருந்தான். மறுநாளே நாங்கள் நாலு பேர் அதேமாதிரி வெட்டிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போய் தலைமையாசிரியரிடம் பிரம்படி வாங்கினோம்.

அவன் முட்டியின் கதை பிறகுதான் தெரிந்தது. 1999 நவம்பரில் முட்டியின் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை. 2000 ஏப்ரலில் இத்தாலியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரனாக உள்ளே வந்தான். சில நிமிடங்கள்தான். பந்தோடு திரும்பும்போது அதே முட்டி முழுசாகப் போனது. பக்கத்தில் ஆள் யாரும் இடிக்கவில்லை. அந்த வீடியோவை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்: விழுந்தான், எழுந்தான், உலகக் கிண்ணம் தூக்கினான். நடுவில் இரண்டு வருடம் அவனுக்கு இன்டர் மிலான் சம்பளம் கொடுத்தது, உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள் என்பதை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2010இல் எனக்குப் பதினேழு. டிசம்பர் 26, ஆசியான் சுசுகி கிண்ண இறுதியின் முதல் ஆட்டம், புக்கிட் ஜாலில். இந்தோனேசியாவை 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் கிண்ணம் நமக்கு. வரலாற்றில் முதல் தடவை. டிசம்பர் 31 நாட்டுக்கே பொது விடுமுறை. பயிற்சியாளர் கே. ராஜகோபால். அணியில் எஸ். குணாலன், வலது ஓரத்தில் ஓடினால் கண்ணுக்கே தெரியாத வேகம். மாமாக் கடையில் பெரிய திரைக்கு முன்னால் மலாய்க்காரப் பையன்கள், சீனப் பையன்கள், நாங்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினோம். பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்து "நம்ம ஆளு தம்பி, கோச் நம்ம ஆளு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எஸ்.பி.எம். எழுதி முடித்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மேலே படிப்பதா என்ற பேச்சு அன்று இரவோடு எங்கள் வீட்டில் முடிந்தது.

பத்தொன்பதாவது வயதில் ஒரு மாநிலத்தின் பிரசிடென்ட் கிண்ண அணிக்குத் தேர்வானேன். இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் அணி. எந்த அணி என்பது வேண்டாம். மாதம் எழுநூறு வெள்ளி, சாப்பாடு, தங்கும் இடம். ஒப்பந்தம் வருடாவருடம். வலது பின்காவல் என் இடம். நான் அபாரமான ஆட்டக்காரன் இல்லை என்று இப்போது சொல்ல முடிகிறது. வேகம் இருந்தது, மூச்சு இருந்தது, சொன்னதைக் கேட்பேன். பெரிய அணியில் மாற்று ஆட்டக்காரனாக ஐந்தாறு வருடம் ஓட்டியிருக்கலாம். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அப்பாவுக்கு மட்டும் தேசிய அணி.

2013 மார்ச்சில் ஒரு சாதாரணப் பயிற்சி நாள். திரும்பினேன். முட்டிக்குள் ஈரக்கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். வலி பத்து நிமிடத்தில் போய்விட்டது. அதுதான் இந்தக் காயத்தின் தந்திரம். முட்டியின் நடுவில் குறுக்காக ஓடும் ஜவ்வு, ஏ.சி.எல். என்பார்கள், அறுந்த பிறகும் நேராக நடக்கலாம், நேராக ஓடக்கூடச் செய்யலாம். திரும்பும்போதுதான் முட்டி கழன்று போவதுபோல் இருக்கும். சாயங்காலத்துக்குள் வீங்கியது. பயிற்சியாளர் கேட்டார். "ஒன்னும் இல்ல கோச்" என்றேன்.

பெரிய அணியின் செலக்‌ஷன் ஆட்டம் ஐந்து வாரத்தில் இருந்தது. என் இடத்துக்கு இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஐஸ், கோடாலித் தைலம், இறுக்கமான கட்டு. அறையில் கூட இருந்தவனுக்கு மட்டும் தெரியும். அவன்தான் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் அதைச் சுற்றிப் பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் நிறைய. மாடிப்படி ஏறிப்போனால் ஒரு குறுகலான அறை, மூன்று கட்டில், நடுவில் பச்சைத் திரை. ஐம்பது வயதிருக்கும் ஒரு தமிழர். என் முட்டிக்கு மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து மெதுவாக முன்னால் இழுத்தார். இரண்டாவது தடவை இழுத்தார். அப்புறம் நல்ல காலில் அதையே செய்து பார்த்தார்.

"தம்பி, பந்து விளையாடுறீங்களா?"

"ஆமாண்ணே."

"இது சதை இல்ல. உள்ள பிடிச்சிருக்கிறது விட்டுருச்சு. நான் இதுல கை வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

சும்மா எண்ணெய் போட்டு உருவி விடச் சொன்னேன். முடியாது என்றார். கொடுத்த காசையும் திருப்பித் தந்துவிட்டார். இறங்கி வரும்போது நண்பனிடம், "கண்ணு தெரியாதவருக்கு என்னாடா தெரியும்" என்றேன். பன்னிரண்டு வருடமாகிறது. தினமும் வேலைக்கு அந்தச் சாலை வழியாகத்தான் போகிறேன். அந்த நிலையம் இப்போது கைப்பேசிக் கடை.

செலக்‌ஷன் ஆட்டத்தில் இருபத்தோரு நிமிடம் ஆடினேன். இருபத்தோராவது நிமிடம் பந்தை வெட்டப்போனேன், முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. நீட்ட முடியவில்லை. பிடிப்பு இல்லாத முட்டியில் ஓடி ஓடி, எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்து அதன் ஒரு துண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது என்று பிறகு படம் பார்த்துச் சொன்னார்கள். அறுந்த ஜவ்வுக்கு மாற்று உண்டு. மெனிஸ்கஸை வெட்டி எடுத்தால் எடுத்ததுதான். முதல் காயம் எனக்கு நேர்ந்தது. இரண்டாவதை நான்தான் செய்துகொண்டேன்.

வருடக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடிதம் எதுவும் வரவில்லை, கூப்பிட்டும் சொல்லவில்லை. புது ஆட்டக்காரர் பட்டியலில் என் எண்ணுக்கு நேராக வேறு பெயர் இருந்ததை நண்பன் படமெடுத்து அனுப்பினான். கோபப்படக்கூட முடியவில்லை. நான்தானே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தேன்.

அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. அறுவை சிகிச்சைக்கு முறை வரப் பதினொரு மாதம். ஜவ்வைப் பொருத்தும் திருகுகளுக்கான பணத்தை நாங்கள் கட்ட வேண்டியிருந்தது. அம்மா கூட்டுப் பணத்தை முதல் ஆளாக எடுத்துக்கொடுத்தார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஒருமுறை விரல் நசுங்கியபோது சொக்சோ பணம் வந்தது. ஃபாரம் எடுத்துக்கொண்டு வந்து, "உனக்கும் வேலையிலதானடா அடிபட்டுச்சு?" என்று கேட்டார். எனக்குச் சந்தா கட்டியிருக்கவில்லை என்பதை அவருக்கு விளக்க ஒரு வாரம் ஆனது. எழுநூறு வெள்ளி வாங்கியது வேலையா இல்லையா என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தொடையின் பின்பக்கத்து நாண் ஒன்றை எடுத்து முட்டிக்குள் நட்டார்கள். நட்டதும் அது ஜவ்வாகிவிடாது. முதல் சில மாதங்களில் இன்னும் பலவீனமாகும், அப்புறம்தான் மெல்ல மெல்ல உடம்பு அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். கேடு என்னவென்றால், அந்தப் பலவீனமான மாதங்களில்தான் வீக்கம் வடிந்து கால் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். நார்வேயில் செய்த ஓர் ஆய்வை பிறகு வாசித்தேன்: ஒன்பது மாதம் வரை, திரும்பி வருவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளைப் பதினைந்து வருடம் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு. 2016இல் வெளிவந்தது. ஏ.சி.எல். அறுந்தவர்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் ஒரு வருடத்துக்குள் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். மூன்று வருடம் கழித்து அதே உயரத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் 65 விழுக்காடு. எல்லா வசதியும் இருக்கிற இடத்தில் மூன்றில் ஒருவர் காணாமல் போகிறார். என்னைப் போன்ற எழுநூறு வெள்ளிக்காரர்களை யாரும் எண்ணவில்லை.

நானும் திரும்பி வந்தேன். பதினான்கு மாதம் கழித்து கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை லீக்கில். ஓட முடிந்தது. உதைக்க முடிந்தது. ஆனால் யாராவது பந்தோடு என்னை நோக்கி வரும்போது உடம்பு என்னைக் கேட்காமலே அரை அடி பின்னால் வைத்தது. அந்த அரை அடியைப் பார்வையாளர்கள் கவனிக்க மாட்டார்கள். எதிரணி முன்னோடி முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்தான்.

2016 ஜனவரியில் 'ஓலா போலா' படம் வந்தது. 1980 அணியின் கதையைத் தழுவி சியூ கெங் குவான் இயக்கியது. ஆறுமுகத்தை மனத்தில் வைத்து எழுதிய முத்துக்குமார் என்கிற கோல்கீப்பர் பாத்திரம் அதில் உண்டு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். படமாகக் கேட்டால் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, பின்னணி இசை நம்மை அழவைத்தே தீருவேன் என்று நிற்கும். பாதியில் திரும்பிப் பார்த்தால் அப்பா அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், பாப்கார்ன் பெட்டியை மடியில் பிடித்தபடி. நான் திரையைப் பார்த்துக்கொண்டேன். வெளியே வந்ததும், "கை இன்னும் நீளமா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அதே வருடம் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி, மீஃபா, எஃப்.ஏ.எம். லீக்கை ஜெயித்து பிரீமியர் லீக்குக்கு ஏறியது. எங்கள் பையன்களுக்கு ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிலேயே ஆடினார்கள். நண்பன், அதே அறை நண்பன், "செலக்‌ஷனுக்கு வாடா, உனக்கு இருபத்துமூணுதானே" என்று 2016இல் கூப்பிட்டான். கிளம்பினேன். பையில் பூட்ஸ் வைத்தேன். கொமியூட்டர் நிலையம்வரை போய் இரண்டு ரயிலைப் போகவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். 2022 பருவத்தோடு அந்த அணியும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அந்தச் செய்தியை அச்சகத்தில் வாசித்தபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. வெட்கக்கேடு, ஆனாலும் வந்தது.

2024 மே மாதம் சிலாங்கூர் ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிம் மேல் கோத்தா டாமன்சாராவில் யாரோ அமிலம் வீசினார்கள். அதே ஜனவரியில்தான் ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டு நம்மை எல்லாம் எழுந்து நிற்கவைத்தவர். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு மறுபடி திடலில் இறங்கினார். அவர் இறங்கிய அன்று என் பிள்ளைகள் எல்லாரும் கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். நான் அவருடைய கால்களை மட்டும் பார்த்தேன். ஒருவன் எதிரே வந்தபோது அரை அடி பின்னால் வைக்கிறாரா என்று. வைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பையனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வீட்டில் விட்டேன். முட்டி அதற்குள் பந்துபோல ஆகியிருந்தது. அவன் அப்பா தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார், சட்டைகூட மாற்றவில்லை.

"அண்ணே, இது ஜவ்வா இருக்கும்னு நினைக்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுக்கணும். அதுவரைக்கும் ஓடக்கூடாது."

"வர்ற ஞாயிறு செலக்‌ஷன் இருக்கு தம்பி. ஸ்போர்ட்ஸ் ஸ்கூலுக்கு. ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருக்கான்."

"தெரியும்ணே."

"நல்லாதானே நடக்கிறான்?"

பையன் சுவரைப் பிடிக்காமல் நடந்து காட்டினான். என்னைப் பார்க்கவே இல்லை.

"நீங்க கோச்சா, டாக்டரா?" என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் கால்சட்டையை முட்டிக்குமேல் சுருட்டினேன். நீளத் தழும்பு ஒன்று, குட்டித் தழும்புகள் மூன்று. வலது தொடை இன்னும் இடதைவிட இளைத்துத்தான் இருக்கும். பையன் குனிந்து பார்த்தான். அவன் அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

செலக்‌ஷன் நடத்துபவர்களுக்கு நானே போன் செய்து, பையனுக்குக் காயம், அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டில் கேட்கவில்லை. அது என் அதிகாரத்தில் உள்ள காரியம்தானா என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை அவன் அப்பா கூப்பிட்டுப் பதினைந்து நிமிடம் திட்டினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். நடுவில், "உனக்குக் கிடைக்கலன்னு என் புள்ளைக்கும் கிடைக்கக்கூடாதா?" என்று ஒரு கேள்வி. அந்த ரயில் நிலையம் ஞாபகம் வந்தது. பதில் சொல்லவில்லை.

எம்.ஆர்.ஐ.க்கு ஏழு வாரம் தள்ளித் தேதி கொடுத்திருக்கிறார்கள். வெளியே எடுக்கப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம். ஜவ்வாக இல்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் அந்த வீட்டில் என் முகத்தைக் காட்ட முடியாது.

போன சனிக்கிழமை அவன் திடலுக்கு வந்தான். அப்பாதான் மோட்டாரில் கொண்டுவந்து இறக்கினார். எஞ்சினை நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பவில்லை, போய்விட்டார். பையன் பூட்ஸ் போட்டிருக்கவில்லை, சப்பாத்தும் இல்லை, செருப்பு. கொஞ்ச நேரம் கோட்டுக்கு வெளியே நின்றான். பிறகு கூம்புகளை எடுத்து, நான் சொல்லாமலே, ஐந்தடிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனான். கடைசிக் கூம்பு கொஞ்சம் கோணலாக இருந்தது. திரும்பி வந்து அதைச் சரிசெய்தான், வலது காலை நேராக வைத்துக்கொண்டு, இடது முட்டியை மட்டும் மடக்கிக் குனிந்து.